தூண்டில் கயிறு எங்க வயல்ல வெளஞ்ச காலம்

கும்பப்பூ பயிரு கதிர் தள்ளி நிக்குது. தண்ணி கட்டுற வேலையும் கொக்கு வெரட்டுற வேலையும் தவிர இப்போ பெருசா ஒண்ணும் இல்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதலாம்னு உக்காந்திருக்கேன். விவசாயி எதுக்கு கடல் தூண்டிலப் பத்தி எழுதணும்னு கேப்பீங்க. காரணம் என் மருமகன்.

அக்கா மகன் கனடாவுல ஒண்டாரியோ ஏரிக்கரையில இருக்கான். இந்த மார்கழி லீவுக்கு வந்தவன் பெட்டியில இருந்து உடுப்புக்கு முன்னால எடுத்தது ஒரு பிளாஸ்டிக் குழாய். அதுக்குள்ள ரெண்டு துண்டா ஒரு தூண்டில் கம்பு. கூடவே சாசர் அளவுல ஒரு வட்டத் தகடு, உருளையில சுத்தின நூல், மினுமினுன்னு கரண்டி மாதிரி ரெண்டு பொய்யிரை. "மாமா, நம்ம கடல்ல இத ஓட்டிப் பாக்கணும்"னான்.

அந்தத் தகடு என்ன செய்யும்னு அவன் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. படகு ஓட ஓட தகட்டை நூல்ல கட்டி பின்னால இழுத்துட்டுப் போனா அது தன்னால கீழ முங்கிப் போகுமாம். ஈயம் கட்ட வேண்டாம். தகட்டோட சாய்வுதான் அதைக் கீழ தள்ளுது. முன்னால இழுக்கிற இழுப்பை கீழ போற வேகமா மாத்துது. "இது கலப்பை இல்லாலே?"ன்னு கேட்டேன். அவனுக்குப் புரியல. காளை முன்னாலதான் இழுக்கு, கொழு ஏன் கீழ எறங்குது? சாய்வு. ஏர்க்காலை நுகத்துல கட்டுற எடத்தைக் கொஞ்சம் மாத்தினா ஆழ உழும், இன்னும் மாத்தினா மண்ணுக்கு மேல வழுக்கிட்டுப் போகும். எங்க அப்பா காலையில முதல் சால் ஓட்டிப் பாத்துட்டுத்தான் கட்டை இறுக்குவாரு. கடல்ல உழுற கலப்பைன்னு வச்சுக்கோங்க. அதோட அடியில ஒரு கனமான துண்டு இருக்கு. அதை இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பி வச்சா தகடு படகோட தடத்தை விட்டு அந்தப் பக்கமா விலகி ஓடும். ஒரே படகுல நாலஞ்சு கயிறு விட்டாலும் சிக்காது.

இந்த யோசனை புதுசும் இல்ல. விசைப்படகுக்காரங்க மடிவலையோட வாயை விரிக்க ரெண்டு பக்கமும் கட்டுற பலகையும் இதே சங்கதிதான். அது கீழ போகாம பக்கவாட்டுல விலகும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பலகை 1890கள்ல ஸ்காட்லாந்துல வந்தது. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் கடற்படை கண்ணிவெடியோட கம்பியை அறுக்கிறதுக்கு கப்பலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு மீன் மாதிரிக் கருவியை இழுத்துட்டுப் போச்சு. அதுவும் இந்தக் குடும்பம்தான்.

கனடாவுல இது ஏன் தேவைப்பட்டுதுன்னு கேட்டதுல ஒரு நல்ல கதை கெடைச்சுது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவுல கடல் மாதிரி அஞ்சு ஏரி கெடக்கு. அட்லாண்டிக் கடல்ல இருந்து நம்ம சாளை குடும்பத்துல ஒரு சின்ன மீன் அந்த ஏரிகளுக்குள்ள ஏறிப் பெருகிப்போச்சு. அதைத் தின்ன பெரிய மீன் இல்ல. 1967ல மிச்சிகன் ஏரிக் கரையில அது செத்து ஒதுங்கி குவியல் குவியலா நாறிக் கெடந்திருக்கு. அதுக்கு முந்தின வருஷம், 1966ல, மிச்சிகன் மாநிலத்துக்காரங்க பசிபிக் கடலோரத்து சால்மன் குஞ்சை அந்த ஏரித் தண்ணியில விட்டிருந்தாங்க. தீனி கொள்ளாம கெடந்ததுனால சால்மன் சீக்கிரத்துல பெருத்துட்டு. பின்னால மத்த ஏரிகள்லயும் விட்டாங்க. ஆனா சால்மனுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும். கோடையில மேல்தண்ணி சூடானதும் அது அம்பது அடி, நூறு அடின்னு கீழ போயிரும். அங்க பொய்யிரையைக் கொண்டு சேக்கத்தான் இந்த முங்கு தகடு. சாளை கூடிப்போனா நாம தென்னைக்கு உரமா வெட்டி மூடுவோம். அவங்க சால்மனை விட்டுத் தின்ன வச்சிருக்காங்க.

சரி, கம்புக்கும் நூலுக்கும் வருவோம். மருமகன் ஒரு வாரமா என் காதுல ஓதினது இதுதான். தகடு முங்கும்போது இழுக்கிற இழுப்பு, மீன் இல்லாமலே ஒரு பெரிய மீன் மாட்டினது மாதிரி இருக்கும். அதனால கம்பு தடிப்பா, நீளமா வேணும். எட்டரை அடியில இருந்து பத்தரை அடி வரை வச்சிருக்காங்க. நீளம் எதுக்குன்னா, ஒண்ணு, நூலைப் படகை விட்டுத் தள்ளிப் பிடிக்க. இன்னொண்ணு, தகட்டுக்கும் பொய்யிரைக்கும் நடுவுல ஆறேழு அடி நூல் இருக்கும். மீனைச் சுருட்டி இழுக்கும்போது தகடு கம்போட நுனியில வந்து நின்னுரும், அதுக்கு மேல சுருட்ட முடியாது. மீன் இன்னும் ஆறேழு அடி தள்ளிக் கெடக்கும். கம்பு குட்டையா இருந்தா மீனுக்கு வலை எட்டாது.

நூல் விஷயம் இன்னும் நுணுக்கம். சாதாரண தங்கூசி (எங்க பக்கம் டங்கீசுன்னும் சொல்லுவோம்) இழுத்தா ரப்பர் மாதிரி நீளும். மீன் கடிக்கும்போது தகட்டுல ஒரு கொளுத்து கழண்டு தகடு படுத்துக்கணும். அப்பத்தான் மீனை மட்டும் இழுக்கலாம், தகட்டோட மல்லுக்கட்ட வேண்டாம். மீன் மாட்டாம சும்மா சுருட்டி எடுக்கணும்னாலும் கம்பை வெட்டி இழுத்துத்தான் அந்தக் கொளுத்தைக் கழட்டணும். தங்கூசியில அறுபது எழுவது அடிக்கு அப்பால அந்த வெட்டு போய்ச் சேராது, நடுவழியில நூல் நீண்டு தின்னுரும். அதனால இப்போ நீளாத பின்னல் நூல் போடுறாங்க. 1990கள்ல பரவின நூல். 50 பவுண்டு தாங்குற பின்னல் நூல் 12 பவுண்டு தங்கூசியோட பருமன்தான் இருக்கும். மெல்லிசா இருக்கிறதால தண்ணி அதைப் பிடிச்சுத் தள்ளாது, தகடு ஆழமாப் போகும். ஆனா நீளாத நூலுக்கு வெறைச்ச கம்பு போட்டா மீனோட வாய் கிழிஞ்சுரும். நூல் வெறைப்புன்னா கம்பு வளையணும். நூல் நீளும்னா கம்பு வெறைப்பா இருக்கலாம். ரெண்டுல ஒண்ணு விட்டுக்குடுக்கணும்.

இவ்வளவையும் கேட்டுட்டு நான் அவனை மணக்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க எங்க அண்ணாச்சி இருக்காரு. சொந்த அண்ணன் இல்ல. எங்க அப்பாவோட கடற்கரைக் கூட்டாளியோட மகன். எழுவது தாண்டிட்டு. பழையாறு எங்க வயலை எல்லாம் நனைச்சுட்டு மணக்குடியிலதான் கடலுக்குப் போகுது. மேலமணக்குடியும் கீழமணக்குடியும் அந்தப் பொழிக்கு ரெண்டு கரை. ஆறு ஒண்ணுங்கிறதால அந்தக் காலத்துல கொள்வினையும் இருந்தது.

எங்க அப்பா கும்பப்பூ அறுத்ததும் ரெண்டு வயல்ல சணப்பு விதைப்பாரு. ஒண்ணை மடக்கி உழுது கன்னிப்பூவுக்கு உரமாக்குவாரு. இன்னொண்ணைப் பூ விட்டதும் அறுத்து, கட்டுக் கட்டாக் குளத்து ஓரத்துல முக்கிப் போட்டு, நாலஞ்சு நாள் அழுகினதும் உரிச்சு அலசி நார் எடுப்பாங்க. அந்த நாத்தத்தை எங்க அம்மை கடைசி வரைக்கும் சொல்லுவா. நார்ல பாதி மாட்டுக்கயிறு, ஏர்க்கயிறு. மிச்சம் மணக்குடிக்கு. அங்க பொம்பளைங்க தொடையில வச்சு உருட்டித் திரிச்சு கயிறாக்குவாங்க. பருத்தி நூலும் திரிப்பாங்க. பெரிய தூண்டில் கயிறு, வலை ஓரக்கயிறு எல்லாத்துக்கும் இந்தச் சணப்பும் பருத்தியும்தான். அந்தக் கயிறு உப்புத்தண்ணியில அழுகாம இருக்க, புளியங்கொட்டைத் தோலை அவிச்ச சாயத்துல முக்கிக் காய வைப்பாங்க. அதுவும் எங்க மரத்துப் புளிதான். ஓடு தூண்டிலுக்கு இரை இல்லாத நாள்ல வெள்ளைச் சேவல் இறகைக் கட்டுவாங்க. அதுவும் நம்ம வீட்டுக் கோழிதான். பதிலுக்கு அங்க இருந்து கருவாடு, தென்னைக்குக் காஞ்ச சாளை, வீட்டுல விசேஷம்னா ஒரு நெய்மீன். துட்டு கைமாறினதா அப்பா சொல்லி நான் கேட்டதில்ல.

ஓடு தூண்டில்னா, கட்டுமரம் பாய் விரிச்சு ஓடும்போது பின்னால நீளமாக் கயிறு விட்டு இழுத்துட்டுப் போறது. நெய்மீன், சூரை, பாரை எல்லாம் ஓடுற இரையைத் தொரத்துற மீன். கயிறோட மறுநுனி கையிலயோ, மரத்துலயோ. கம்பு கெடையாது.

மருமகன் கேட்டதும் இதைத்தான். "மாமா, இவ்வளவு பழைய மீன்பிடிக் கடல். ஏன் இங்க யாரும் கம்பு வைக்கல?"

கம்பு நம்மகிட்ட இல்லாம இல்ல. பெரும்பாணாற்றுப்படையிலயே இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. நீளமான மூங்கில் கம்பு, அதுல நாண், வளைஞ்ச இரும்பு முள், தோல்பையில இரை வச்சுட்டு ஒரு பாணர் மகன் குளத்தோரம் நிக்கான். ஒரு வாளைமீன் இரையை மட்டும் கவ்விட்டுத் தப்பிச்சுருது. அப்புறம் தண்ணியோரம் நிக்கிற பிரம்போட நிழல் ஆடினாலும் அது தூண்டில் கம்போன்னு பயப்படுது. மீனுக்கு வந்த பயத்தை இவ்வளவு நல்லா எழுதின ஆள் கட்டாயம் தூண்டில் போட்டவராத்தான் இருக்கணும்னு எனக்குத் தோணும். ஆனா பாருங்க, அது குளத்து மீன்பிடி. எங்க ஊர்லயும் அப்படித்தான். சின்ன வயசுல நாங்க மூங்கில் சிம்புல தையல் நூல் கட்டி, மயிலிறகுத் தண்டை மிதவையா வச்சு, மடையில குறவையும் கெளுத்தியும் பிடிச்சிருக்கோம். கரையில நிக்கிறவனுக்குத் தள்ளிப் போட கம்பு வேணும். கட்டுமரத்துல போறவன் மீன் மேலயே நிக்கான், அவனுக்கு எதுக்கு?

கடல்ல கம்பு வச்ச நம்ம பக்கத்து ஆளுங்கன்னா மினிக்காய் தீவுக்காரங்கதான். உயிருள்ள சின்ன மீனைத் தண்ணியில வீசிச் சூரைக் கூட்டத்தை வரவழைச்சு, மூங்கில் கம்புல வெடுக் வெடுக்னு தூக்கிப் படகுக்குள்ள போடுவாங்க. முள்ளுல கொக்கி நாக்கு இருக்காது, மீன் தன்னால கழண்டு விழணும். நம்ம வீட்டு மாசிக் கருவாடு அப்படிப் பிடிச்ச சூரைதான். நம்ம நாட்டு மூங்கில் வெளிநாட்டுக்கும் போயிருக்கு. பத்தொம்பதாம் நூற்றாண்டுல இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் மூங்கிலைச் சீவி ஒட்டிச் செஞ்ச தூண்டில் கம்புகளுக்கு கல்கத்தா மூங்கில்னு பேர் போட்டு விப்பாங்களாம். பின்னால சீன மூங்கில் அதை ஓரங்கட்டிட்டு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கண்ணாடி இழை, 1970கள்ல கார்பன் இழை. மருமகன் கொண்டு வந்தது ரெண்டும் கலந்தது.

நூலோட கதை வேற திசையில போச்சு. ஐரோப்பாவுல குதிரை வால்மயிரைத் திரிச்சும், பட்டுப்புழுவோட குடலை நீட்டியும் தூண்டில் நூல் செஞ்சிருக்காங்க. 1935ல அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்துல நைலான் பிறந்தது. 1938ல ஊரறியச் சொன்னாங்க. அடுத்த வருஷமே தூண்டில் நூலா வந்துட்டு. நம்ம கடற்கரைக்கு வர இன்னும் கொஞ்சம் காலம் ஆச்சு. 1952ல இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் போட்டு, 1953ல கொல்லம் பக்கம் நீண்டகரையில இந்தோ-நார்வே திட்டம் தொடங்குச்சு. அப்போ நம்ம மாவட்டமும் திருவிதாங்கூர்-கொச்சியிலதான் இருந்தது. 1956 நவம்பர் 1லதான் தமிழ்நாட்டோட சேந்தோம். விசைப்படகும் நைலான் வலையும் அந்தத் திட்டத்தோட பழக்கத்துக்கு வந்தது. கோடு மாறினாலும் கடற்கரை ஒண்ணுதானே, ஒருத்தன் வாங்கினதை அடுத்தவன் பாத்தான். 1960கள்ல மணக்குடி வரைக்கும் நைலான் வந்துட்டு.

அப்பாவுக்கு அது தெரியாது. நான் பொறக்கதுக்கு மூணு நாலு வருஷம் முந்தி ஒரு பங்குனியில கூட்டாளி நாருக்கு வரல. அப்பா ஒரு வாரம் பாத்துட்டு மாட்டுவண்டியில நார்க்கட்டை ஏத்திட்டு மணக்குடிக்குப் போயிருக்காரு. அங்க முற்றத்துல வெள்ளையா கண்ணாடி மாதிரி ஒரு சுருள் கெடந்திருக்கு. கூட்டாளி அதை எடுத்து ரெண்டு கையிலயும் சுத்தி இழுத்துக் காட்டினாராம். "அழுகாது, காய வைக்கண்டாம், சாயம் வேண்டாம்"னு சந்தோஷமாச் சொல்லியிருக்காரு. அப்பா வண்டியைத் திருப்பிட்டாரு. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வயல்ல உளுந்து போட்டிருப்பேனேன்னு அவருக்கு ஆத்திரம். கூட்டாளி பக்கம் நியாயமும் இல்லாம இல்ல. தினம் கரைக்கு வந்ததும் கயிறு காய வைக்கிற பாடு, மாசத்துக்கு ஒருக்க சாயம் காய்ச்சுற பாடு, நல்ல மீன் மாட்டும்போது அழுகின எடத்துல அறுந்து போற வயித்தெரிச்சல், இதெல்லாம் அவர்தானே பட்டாரு? ரெண்டு பேரும் அதுக்கப்புறம் பேசிக்கல. கூட்டாளியோட சம்சாரம் மட்டும் மீன் கடவத்தோட எங்க வீட்டுக்கு வந்துட்டு இருந்தாங்க. அம்மை புளியங்கொட்டையைச் சேத்து வச்சு அவங்களுக்குக் குடுப்பா. எதுக்குக் குடுத்தா, அவங்க எதுக்கு வாங்கினாங்கன்னு எனக்கு இன்னைக்கும் புரியல.

அப்பா 1998ல போயிட்டாரு. 2004 டிசம்பர் 26 சுனாமியில மணக்குடிப் பாலமே உடைஞ்சு ஆத்துக்குள்ள போச்சு. ரெண்டாம் நாள் நாங்க ஊர்ல அரிசி திரட்டிக் கொண்டு போனோம். முகாம்ல அண்ணாச்சியைப் பாத்தேன். மரம், வலை, தூண்டில் ஒண்ணும் மிஞ்சல. என்னை யாருன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுட்டே இருந்தாரு. அப்புறம் கேட்டாரு, "உங்க அப்பாக்க சணப்பு பரண்ல கெடக்கா மக்கா?" அவர் சிரிக்கத்தான் பாத்தாரு. நான் அன்னைக்கு சிரிக்கல. அதுக்கப்புறம் நாங்க விடல, நல்லது கெட்டதுக்குப் போக வர இருக்கோம்.

அந்த அண்ணாச்சிகிட்டதான் மருமகன் கம்பை நீட்டினான்.

அவர் கம்பைப் பாக்கவே இல்ல. முதல்ல நூலைத்தான் எடுத்தாரு. ரெண்டு விரலால தடவி, வாயில வச்சுக் கடிச்சுப் பாத்துட்டு, "இது கைக்கு ஆகாது"ன்னாரு. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அது மட்டும் அவருக்குப் பிடிச்சுப்போச்சு.

மறுநாள் விடியமுன்ன அவர் பேரனோட வள்ளத்துல போனோம். எனக்குக் கடல் ஒத்துக்காது, ஒரு மணி நேரத்துல வயிறு காலி. அந்த நிலையிலயும் பாத்ததைச் சொல்றேன். மருதுவாழ்மலை தெரியுற மாதிரி ஒரு தூரத்துல வேகத்தைக் குறைச்சு, தகட்டை விட்டான் மருமகன். கம்பு அரைவட்டமா வளைஞ்சுட்டு. கம்போட அடியை வள்ளத்து ஓரத்துல கயிறால கட்டி வச்சிருந்தும் பலகை கிறீச்சுன்னு சத்தம் போட்டுது. நாலஞ்சு பாகம் முங்கியிருக்கும்னு அண்ணாச்சி நூலோட சாய்வை வச்சே சொன்னாரு. (ரெண்டு கையை விரிச்ச நீளம் ஒரு பாகம்.) மருமகனோட உருளையில எத்தனை அடி நூல் போச்சுன்னு எண் காட்டும். அவர் சொன்னதும் அதுவும் ஒத்துப்போற மாதிரிதான் இருந்தது.

கொஞ்ச நேரம் பாத்துட்டு, அண்ணாச்சி பழக்கதோஷத்துல கம்புக்கு முன்னால நூலைக் கையால பிடிச்சுட்டாரு. அவ்வளவுதான். பின்னல் நூல் ஆள்காட்டி விரல் மடக்குல வெண்டைக்காய் அரியுற மாதிரி இறங்கிட்டு. அம்பது வருஷம் தூண்டில் பிடிச்ச தோல் அது. ஏற்கெனவே அந்த விரல் முழுசா மடங்காது, முன்னால ஒரு சுறா இழுத்தது. பேரன் பதறிட்டான். அவர் விரலை வாயில வச்சுட்டு, "நான் நேத்தே சொன்னேம்லா?"ன்னாரு.

அப்பத்தான் மருமகனோட கேள்விக்குப் பதில் எனக்குப் புரிஞ்சுது. கையால பிடிக்கிறவனுக்குத் தடிச்ச கயிறு வேணும், இல்லேன்னா கை போயிரும். தடிச்ச கயிறைத் தண்ணி மேல தூக்கும், தகடு கட்டினாலும் ஆழம் போகாது. அதனால நம்ம ஓடு தூண்டில் எல்லாம் மேல்தண்ணி மீனுக்கானது. கீழ்த்தண்ணி மீனுக்கு மரத்தை நிறுத்தி, ஈயமோ கல்லோ கட்டி, நேர் கீழ விடணும். களவா, விளமீன் எல்லாம் அப்படித்தான். மெல்லிசு நூல் வந்தப்பதான் ஓடிக்கிட்டே ஆழத்துக்குப் போக வழி பொறந்தது. மெல்லிசு நூலைக் கை பிடிக்காது, அதனால கம்பும் உருளையும் வேணும். சணப்புக் கயிறு காலத்துல கடலுக்குக் கம்பு கொண்டு போறவனைப் பைத்தியக்காரன்னு சொல்லியிருப்பாங்க, அது சரியும்கூட. கம்பைப் பாத்து நூல் வாங்குறதா, நூலைப் பாத்து கம்பு வாங்குறதான்னு மருமகன் கூட்டாளிங்க அங்க சண்டை போடுவாங்களாம். நூலைப் பாத்துதான். எவ்வளவு ஆழம்னு முதல்ல முடிவு பண்ணு, அது நூலைச் சொல்லும், நூல் கம்பைச் சொல்லும்.

இன்னொண்ணும் கவனிச்சேன். வள்ளத்துல கெடந்த பழைய ஓடு தூண்டில்ல கயிறுக்கு நடுவுல சைக்கிள் டியூப் துண்டு ஒண்ணு கட்டியிருந்தது. மீன் இடிச்சு இழுக்கும்போது அந்த ரப்பர் நீண்டு குடுக்கும், முள் வாயைக் கிழிக்காது. மருமகன் அதைப் பாத்துட்டு "இதையேதான் மாமா நாங்க தகட்டுக்குப் பின்னால போட கடையில வாங்குறோம்"னான். கம்போட வளைவு செய்யுற வேலையில பாதியை இங்க ஒரு ஓட்டை டியூப் செய்யுது.

முதல் நாள் ஒண்ணும் கெடைக்கல. ரெண்டாம் நாள் நான் போகல. ஒரு சூரை மாட்டிச்சாம், ரெண்டு கிலோ இருக்கும். கொளுத்து கழண்டு தகடு படுத்துக்கிட்டதைப் பேரன் கை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அன்னைக்கு எங்க வீட்டுல தேங்காய் அரைச்ச சூரைக் குழம்பு. அண்ணாச்சியும் விரல்ல துணிக்கட்டோட வந்திருந்தாரு. சாப்பிட்டுட்டு பரண்ல ஏறிப் பாக்கணும்னாரு. நான்தான் ஏறினேன். கலப்பைக்கும் உடைஞ்ச பத்தாயப் பலகைக்கும் நடுவுல அந்தச் சணப்புக் கட்டு இருந்தது. பாதியை மாட்டுக்கயிறா எடுத்தது போக மிச்சம். எலி கடிச்சது போக அதுலயும் மிச்சம். அவர் ஒரு பிரி எடுத்து வேட்டியைத் தொடைக்கு மேல ஒதுக்கிட்டு உருட்டினாரு. ரெண்டு மூணு உருட்டுல திரியாச்சு. அம்மை இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாளோ.

மருமகன் தை பொங்கலுக்கு மறுநாள் கிளம்பிட்டான். தகட்டை அண்ணாச்சிக்கே குடுத்துட்டான். அவர் அதுக்குத் தடிச்ச தங்கூசி கட்டி, முன்னால டியூப் துண்டு போட்டு, வள்ளத்து ஓரத்துல கட்டையில முடிஞ்சு ஓட்டிப் பாக்காராம். ரெண்டு பாகத்துக்கு மேல முங்கலியாம், ஆனா சூரைக்கு அது போதும்னு சொல்றாரு. கம்பு வேண்டாம்னுட்டாரு. அது எங்க வீட்டுல ஏர்க்கால் பக்கத்துல சாத்திக் கெடக்கு. நேத்து சாயங்காலம் அதை எடுத்துட்டு குளத்துக்குப் போனேன். பத்தடி கம்பு, கனடா உருளை, முள்ளுல மண்புழு. மடையில குளிச்சுட்டு இருந்த பயலுவ எல்லாம் கரையேறி வந்து சுத்தி நின்னுட்டானுவ. ஒரு கெளுத்தி கெடைச்சுது.